பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குச் சபையில் பாராட்டு: 500 மதிப்பெண்ணுக்கு மேல் மட்டும்தானா?

கொருக்குப்பேட்டை கிட்டார் | மே 12, இரவு 9:10

அனைவருக்கும் தோத்திரம். எங்கள் சபையில் வாலிபர் ஐக்கியத்தின் செயலாளராக இருக்கிறேன். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். எழுதினால் அடுத்த செயற்குழுவில் முதல் விவாதப் பொருளே நானாகத்தான் இருப்பேன்.

போன வியாழக்கிழமை, 8ஆம் தேதி, பிளஸ் டூ முடிவு வந்தது. எங்கள் சபையில் தேர்வு எழுதியவர்கள் 11 பேர். இரண்டு பெண்பிள்ளைகள் 500ஐத் தாண்டிவிட்டார்கள். எட்டுப் பேர் 350க்கும் 480க்கும் நடுவில். ஒரு பையனுக்குக் கணிதத்தில் 31. நான்கு மதிப்பெண்ணில் போய்விட்டது. நேற்று ஆராதனை முடிந்ததும் செயற்குழு கூடி, 500க்கு மேல் வாங்கியவர்களுக்கு மட்டும் பொன்னாடையும் கேடயமும் என்று ஐந்தே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டது. அதிலும் மூன்று நிமிடம் பொன்னாடையின் நிறத்துக்குப் போனது.

பிப்ரவரி கடைசி ஞாயிறு தேர்வு ஜெபம் வைத்தோம். 11 பேரும் நுழைவுச் சீட்டைக் கொண்டுவந்து பீடத்தின் மேல் வைத்தார்கள். ஆயர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்து, ஆளுக்கொரு நீலப் பேனா கொடுத்தார். கணிதத்தில் போன பையன்தான் மூன்று வருடமாக எங்கள் சபையின் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்பவன். அன்றைக்கு ஒலி மிக்சரை விட்டுவிட்டு ஓடிவந்து முழங்காலிட்டான், பேனாவைச் சட்டைப் பையில் செருகினான், அடுத்த கீர்த்தனை தொடங்குவதற்குள் திரும்பி ஓடினான். அப்போது 11 பேரையும் கூப்பிட்ட சபை இப்போது இரண்டு பேரைக் கூப்பிடுகிறது. மீதி ஒன்பது பேருக்காகச் செய்த ஜெபத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

உங்கள் சபைகளில் என்ன செய்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை | மே 12, இரவு 10:02

தம்பி, உங்கள் செயற்குழுவின் பக்கம் பேச இங்கே யாரும் வரமாட்டார்கள், எனவே நான் வருகிறேன். என் சபையில் பொருளாளராக ஒன்பது வருடம் இருந்தவன்.

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், மழை வந்தால் சாக்கடை உள்ளே வரும் தெருவில், ஒரு பெண்பிள்ளை 540 வாங்குகிறாள். அவளையும் வரிசையில் நிற்கவைத்து, மற்றவர்களுக்குக் கொடுத்த அதே பொட்டலத்தைக் கொடுப்பது சமத்துவம் என்று நீங்கள் சொன்னால், அவளுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் சொல்வேன். எங்கள் தலைமுறையில் படிப்பை மதித்துக் கைதட்டிய ஒரே இடம் சபைதான். வீட்டில் யாருக்கும் மதிப்பெண் பட்டியலைப் படிக்கத் தெரியாது. அந்தக் கைதட்டலுக்கு ஆசைப்பட்டுப் படித்தவர்களில் நானும் ஒருவன்.

மாடிச் சபை | மே 12, இரவு 10:30

நாங்கள் பெந்தெகொஸ்தே, கடைக்கு மேலே முதல் மாடியில் கூடுகிறோம். பொன்னாடை, கேடயம் எதுவும் கிடையாது. பிள்ளைகள் சாட்சி சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதுவும் மதிப்பெண்ணில்தான் போய் முடியும். ‘கர்த்தர் எனக்கு 482 கொடுத்தார்’ என்று ஒரு பையன் சொன்னான். பக்கத்தில் 290 வாங்கியவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கொடுத்தது யாராம்?

பழைய பெஞ்சு | மே 13, காலை 6:15

துறைமுகத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விடியற்காலையில் எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலயத்தில் ஆயர் அங்கி மாற்றும் அறைக்கு வெளியே ஒரு மரப்பலகை தொங்குகிறது. தேக்கு. வருடா வருடம் பிளஸ் டூவில் சபையில் முதலாவதாக வந்தவரின் பெயரையும் மதிப்பெண்ணையும் பொன்னிற எழுத்தில் எழுதுவார்கள். 1,012, 1,087, 1,104 என்று ஏறிக்கொண்டே போகும் எண்கள் 2019இல் திடீரென்று 521 என்று விழும். அந்த ஆண்டு மார்ச் தேர்விலிருந்துதான் மொத்த மதிப்பெண்ணை 1,200இலிருந்து 600ஆகக் குறைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, ‘2019இல் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று?’ என்று பதறினார். 2021க்கு நேராகப் பெயரே இல்லை. கொரோனாவால் அந்த வருடம் தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டு மதிப்பெண்களையும் வைத்து எல்லோருக்கும் தேர்ச்சி போட்டார்கள். யாரை முதல் என்று எழுதுவது என்று சண்டை வந்து, அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் பிறகு எழுதுவதும் நின்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017இல் நிறுத்திவிட்டது. அதற்கும் மூன்று ஆண்டுகள் தாண்டி எங்கள் பலகை ஓடியது.

கணக்குப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கதையைக் கேளுங்கள். அன்றைய பள்ளி இறுதித் தேர்வில் நான் வெறும் தேர்ச்சி. அந்த வருடத்து ஆயர் முடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார், இரண்டு அடுக்கு, மூடியில் ஊசி முனையால் பெயர் வெட்டியது. ‘எங்கே வேலைக்குப் போனாலும் மதியம் சாப்பிட வேண்டுமே’ என்றார். 34 வருடம் அதில்தான் சோறு கொண்டுபோனேன். மேல் அடுக்கின் பிடி ஒரு முறை போய், மூர்மார்க்கெட் பக்கம் ஈயம் வைத்தேன். என் தம்பி முதல் வகுப்பில் தேறியவன். அவனுக்குக் கேடயம் கிடைத்தது. அது அலமாரியின் மேல் இருந்தது, பிறகு எங்கே போனதென்று அவனுக்கே தெரியாது.

ராயபுரத்துப் பங்கு | மே 13, மதியம் 1:40

கத்தோலிக்கர்களின் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. பேதுருவை நாங்கள் ராயப்பர் என்போம். ராயபுரம் என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெருமை போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பங்கில் அன்பியம் வாரியாக அழைக்கிறோம். இருபது முப்பது குடும்பம் சேர்ந்தது ஒரு அன்பியம். மதிப்பெண்ணைப் பங்குத்தந்தை வாசிப்பதில்லை. அன்பியத்தின் பொறுப்பாளர் வந்து, ‘எங்கள் தெருவில் இந்த ஆண்டு முடித்தவர்கள்’ என்று பெயர் சொல்வார். கூடவே ஒரு வரி சொல்வார்: ‘செபமாலைக்கு நாற்காலி போடுகிறவன்’, ‘பாட்டியை வாரம் இரண்டு முறை டயாலிசிசுக்கு அழைத்துப் போகிறவள்’. மதிப்பெண் தெரியவேண்டும் என்றால் திருப்பலி முடிந்து வெளியே விசாரித்துக்கொள்ளலாம். விசாரிக்கத்தான் செய்கிறார்கள், அது வேறு விஷயம்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பிப்ரவரி 11, பெரம்பூர் லூர்து அன்னை திருவிழாவுக்குப் பேனாவோடு போனவர்கள். ஆகவே உங்கள் நீலப் பேனா எனக்கு நன்றாகப் புரிகிறது.

டெட்ராய்ட் குளிர் | மே 13, இரவு 8:55

பெரம்பூர்க்காரன், இப்போது அமெரிக்காவில். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள லுத்தரன் சபையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே உயர்நிலைப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கென்று மே அல்லது ஜூனில் ஒரு ஞாயிற்றை ஒதுக்குவார்கள். பல சபைகளில் பிள்ளைகள் பள்ளியின் பட்டமளிப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் அணிந்து பவனியாக உள்ளே வருவார்கள். இந்தச் சபையில் அதோடு இன்னொன்றும் உண்டு. பெண்கள் குழு வருடம் முழுக்க ஒட்டுத்துணிப் போர்வைகள் தைக்கும். அன்று காலை போர்வைகளையெல்லாம் பெஞ்சுகளின் முதுகில் விரித்துப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு முன்னால் போக, பெற்றோர் அதை அவர்கள் தோளில் போர்த்துவார்கள், சபை ஜெபிக்கும். ஒருவன் ராணுவத்துக்குப் போகிறான், ஒருத்தி பல்கலைக்கழகம், ஒருவன் குழாய் வேலை பழகப் போகிறான். மதிப்பெண்ணை யாரும் வாசிப்பதில்லை. கல்லூரி தொடங்கிய பிறகு தின்பண்டமும் கடிதமும் வைத்துப் பொட்டலம் அனுப்புகிற சபைகளும் இருக்கின்றன.

அரசுப் பள்ளிகள் அங்கே மத வழிபாடு நடத்தக் கூடாது. எனவே பட்டமளிப்பை ஒட்டிய ‘பேக்கலாரியட்’ வழிபாட்டை உள்ளூர்ச் சபைகளே கூடி நடத்துவதும் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாராவது அங்கி வாடகைக்கு எடுக்க ஓடாதீர்கள். அங்கே 18 வயதில் பிள்ளை ஊரை விட்டே போகிறான், வேறொரு குளிரில் தனியாகப் படுக்கப் போகிறான். போர்வை அதற்காக. அது வழியனுப்பு. நம் பிள்ளை அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சில்தான் உட்காருவான்.

மாடிச் சபை | மே 13, இரவு 9:20

அங்கிக்கு இங்கே என்ன மதிப்பு? யு.கே.ஜி. முடித்த என் அண்ணன் மகனுக்கே போட்டுப் படம் எடுத்து 600 ரூபாய் வாங்கிவிட்டார்கள். தொப்பி கண்ணை மறைத்துப் படத்தில் மூக்கு மட்டும் தெரிகிறது.

சாக்பீஸ் | மே 14, மாலை 5:30

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. ‘அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சில்’ என்று எழுதிய சகோதரரிடம் ஒரு கேள்வி: கடைசியாக எப்போது எண்ணிப் பார்த்தீர்கள்? கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை ஜூனிலேயே உணவு டெலிவரி வண்டி ஓட்டப் போய்விடுகிறான். அவனுக்கு அதிக வருமானம் வருவதே ஞாயிற்றுக்கிழமைதான். அவன் ஊரை விட்டுப் போகவில்லை, தண்டையார்பேட்டை சிக்னலில்தான் நிற்கிறான். ஆனால் பெஞ்சு காலி.

பாராட்டு எந்த நாள், என்ன நிறம் என்று பேசுவதற்குள் கல்லூரி விண்ணப்ப நாட்கள் ஓடிவிடும். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையவழி விண்ணப்பம் இந்த மாதத்தோடு சரி. வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரிக்கோ பாரதி மகளிர் கல்லூரிக்கோ போக வேண்டிய பிள்ளை, சாதிச் சான்றிதழ் எங்கே என்று டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருப்பாள். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் சேர்பவருக்கு அதனால் கற்பிப்புக் கட்டணம் குறையும். அது இ-சேவை மையத்தில் கேட்டவுடனே கையில் வந்துவிடாது. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குத் தங்களுக்கும் அது உண்டு என்பதே தெரியாது. வடசென்னையில் அப்படிப்பட்ட பள்ளிகளில் எத்தனை நம் மிஷன் பள்ளிகள் என்று உங்களுக்கே தெரியும்.

தம்பி, கேடயத்தை விடுங்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்கேனர், விவரம் தெரிந்த இரண்டு பேர். 11 பேரையும் அதற்கு வரச் சொல்லுங்கள்.

காசிமேட்டு அக்கா | மே 14, இரவு 9:45

சாக்பீஸ் அக்கா சொன்ன மேசைக்கு என் ஓட்டு. ஆனால் பாராட்டையும் விடாதே தம்பி. மேசை பிள்ளைக்கு, பாராட்டு அப்பா அம்மாவுக்கு. என் மகன் 412. அவன் பெயரை மைக்கில் சொன்னபோது என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவரை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

உங்கள் சபையில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் உண்டா? இருந்தால் நாளைப் பார்த்து வை.

கொருக்குப்பேட்டை கிட்டார் | மே 14, இரவு 10:05

அக்கா, நான்கு பிள்ளைகளின் தகப்பன்மார் விசைப்படகில் போகிறவர்கள். அதனால்தான் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, கையில் காசு புழங்கும்போது வைக்கலாம் என்று பேசினோம். தடை ஜூன் 14 நள்ளிரவில் முடிகிறது, மறுநாளே ஞாயிறு. ஜூன் 15 என்று கிட்டத்தட்ட முடிவு.

காசிமேட்டு அக்கா | மே 14, இரவு 10:12

ஐயோ, நல்ல நாள் பார்த்தாய்! 61 நாள் கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் தடை முடிந்த அன்று கோவிலில் உட்கார்ந்திருப்பார்களா? பனிக்கட்டி ஏற்றி, டீசல் போட்டு, நள்ளிரவு தாண்டியதும் படகு போய்விடும். நீ 15ஆம் தேதி பிள்ளையைக் கூப்பிடும்போது அப்பன் கடலில் இருப்பான்.

வருடத்தில் எல்லா அப்பன்மாரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான். கையில் காசு இருக்காது, உண்மை. அதனால் அன்றைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை உறையை நீட்டாதே. தேர்ச்சிக்காக இன்னார் 5,000, இன்னார் 200 என்று மைக்கில் வாசிப்பார்களே, அதை மட்டும் ஒரு நாளைக்கு நிறுத்தச் சொல். 200 கொடுத்தவள் அடுத்த வாரம் கோவிலுக்கு வரக் கூசுவாள். எனக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை | மே 15, காலை 7:30

காணிக்கை வாசிப்பது பற்றி அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது வருடம் வாசித்தவன் நான்தான். 540 வாங்கியவள் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அவளை எதற்காகவாவது தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இன்னொன்று. சிறப்பு விருந்தினர் என்று யாரையாவது அழைத்தால் ஏழு நிமிடத்துக்கு மேல் பேச விடாதீர்கள். எங்கள் சபையில் ஒருவர் தன் சொந்த எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்ணிலிருந்து தொடங்கினார். அவர் கல்யாணத்துக்கு வந்து சேருவதற்குள் பந்தியில் பிரியாணி ஆறிவிட்டது.

கொருக்குப்பேட்டை கிட்டார் | ஜூன் 2, இரவு 11:20

நேற்று, ஜூன் 1, முடிந்தது. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மே 18 மேசைக்கு ஏழு பேர் வந்தார்கள். சபையில் யாரிடமும் ஸ்கேனர் இல்லை, கைபேசியில் படம் எடுத்துச் சமாளித்தோம். இரண்டு பேருக்கு முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். ஒரு பிள்ளையின் சாதிச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அது தனிக் கதை, இன்னும் முடியவில்லை.

செயற்குழுவில் 500 என்ற கோட்டை எடுக்க இரண்டு கூட்டம் ஆனது. கடைசியில் அவர்களை இறங்கிவரச் செய்தது என் பேச்சு இல்லை, விலை. இரண்டு கேடயமும் பொன்னாடையும் ஆகும் செலவில் 11 டிபன் பாக்ஸ் வருகிறது. பழைய பெஞ்சு ஐயா, மூடியில் பெயர் வெட்ட இப்போது ஆள் கிடைப்பது கஷ்டம். வண்ணாரப்பேட்டை பாத்திரக் கடையில் மின்சார ஊசியால் எழுதித் தருகிறார்கள், பெயருக்குப் பத்து ரூபாய்.

அன்பியத்தார் செய்வதுபோல் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி சொன்னோம். 500க்கு மேல் வாங்கிய இருவருக்கும் ஆயர் கூடுதலாக ஒரு வார்த்தை சொன்னார், எண்ணைச் சொல்லாமல். நான்கு தகப்பன்மாரும் வந்திருந்தார்கள். காணிக்கையை வாசிக்கவில்லை, பெரியவர் ஒருவர் அதற்காக என்னிடம் இன்னும் பேசவில்லை.

கணிதத்தில் போன பையன் வரவில்லை. அவன் பெயரையும் அகரவரிசையில் நான்காவதாக வாசித்தார் ஆயர். அவன் அம்மா வந்து டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டார். மிக்சரில் வேறு பையன் உட்கார்ந்ததால் முழு நிகழ்ச்சியும் மைக் வீரிட்டுக்கொண்டே இருந்தது. ‘டயாலிசிஸ்’ மாதிரி நல்ல வரிகள் எழுதி வைத்திருந்தோம், பாதி காதில் விழவில்லை.

மாலை ஆறு மணிக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். யாரிடமும் பேசவில்லை. நேராக மிக்சருக்குப் போய் ஒவ்வொரு திருகாகப் பார்த்தான். ‘இதை யார் தொட்டது?’ என்றான். பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, துணைத் தேர்வு இந்த மாதக் கடைசியில் என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சாக்பீஸ் அக்கா, கணிதம் சொல்லித்தர கொருக்குப்பேட்டைக்கு நடந்து வரும் தூரத்தில் யாராவது இருக்கிறார்களா?

சாக்பீஸ் | ஜூன் 3, காலை 6:05

ரயில்வே கேட் திறந்திருந்தால் எனக்குப் பத்து நிமிடம். மூடியிருந்தால் அரை மணி. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆலய வராந்தாவில் இருக்கச் சொல்லுங்கள், கேட்டைப் பார்த்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் 20 வரும், அதிலிருந்து ஆரம்பிப்போம். பாடப்புத்தகத்தைக் கொண்டுவரட்டும். பேனா அவனிடம் இருக்கிறது.